ஆனேக்கல் வழியாக இடுப்பு வலி

மனிதன் எதன்மீதெல்லாம் பொறாமைப்படலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டென்று நினைத்திருந்தேன். அடுத்தவன் வீடு, பதவி உயர்வு, நரைக்காத தலைமுடி என்று கௌரவமான இனங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் பொறாமைப்பட்டது ஒரு மாவுக்கட்டின்மீது. அது என் மனைவியுடைய தம்பியின் வலது காலில், விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி, வெள்ளை வெளேரென்று இருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதி. இடம், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறை. அவன் படுத்திருந்த கட்டில் என்னுடையது.

கட்டில் எப்படி என்னுடையது ஆயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்போது பல வருடங்களாக இடுப்பு வலி. கீழ் முதுகில், இடப்பக்கம், ஓர் உள்ளங்கை அகலம். வந்த கதையைக் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுக்கக் குனிந்தேன். நிமிரும்போது பாதி வழியில் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். அன்றைய தாளில் படிக்கும்படியாக ஒரு செய்திகூட இல்லை. பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவனுக்கு இப்படியொரு சப்பையான ஆரம்பம்.

எலும்பு டாக்டர்கள் என்னைக் கண்டதும் படமெடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எக்ஸ்ரே நல்லா இருக்கு சார்" என்று, பிள்ளை பாஸ் ஆன செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எக்ஸ்ரே நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வலித்தது.

வீட்டில் மட்டும் என் வலிக்கு மரியாதை இருந்தது. முன்னறையில் அதற்கென்று ஒரு கட்டில் போடப்பட்டது. நான் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவிலிருந்து வந்து அதில் சாய்ந்ததும் டி.வி. சத்தம் குறையும். ஹாட் வாட்டர் பேக் வரும். மிளகு ரசம் வரும். என் பங்காளி வீட்டு விசேஷங்களுக்கு, "அவருக்கு முடியலைங்க" என்று மனைவியே சொல்லிவிடுவாள். இதெல்லாம் ஓரமாக இருக்கட்டும். சமையலறை நிலையில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்தபடி, "வலிக்குதாங்க?" என்று கேட்பாள் பாருங்கள், அதற்கு ஈடாக மருந்துக் கடையில் எதுவும் இல்லை. அந்த 'ங்க'வில் குரல் கொஞ்சம் இறங்கும். எதற்கும் இறங்காத குரல் அது. காய்கறிக்காரனிடம் அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான் அதன் அருமையை அறிவார்கள்.

கடைசியாகப் பார்த்த எலும்பு டாக்டர், வேறு வழி தெரியாமல், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உளவியல் பிரிவுக்கு என்னை அனுப்பினார். எனக்குப் பைத்தியமா என்று கேட்டேன். "அத அவங்கதான் சொல்லணும்" என்றார். அவருக்கும் நகைச்சுவை வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

உளவியல் பிரிவில் இருந்தவர் கன்னடக்காரப் பெண்மணி. முப்பதைத் தாண்டியிருக்கலாம். கண்டோன்மெண்டில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வந்தது. நான் உட்காருவதற்குள், "சார், உங்களுக்கு நோவு இருக்குது. சும்னே சொல்றீங்கன்னு நான் நினைக்கல" என்று, 'சும்மா'வை மட்டும் கன்னடத்தில் விட்டுவிட்டுச் சொன்னார். இத்தனை வருடத்தில் படம் எடுக்காமல் என்னை நம்பிய முதல் ஆள்.

சோதனைகள் நடந்தன. மனித உருவம் வரைந்த காகிதத்தைக் கொடுத்து வலிக்கும் இடத்தில் நிழலிடச் சொன்னார். நான் நிழலிட்டு, தொடைக்கு அம்புக்குறி போட்டு, ஓரத்தில் விளக்கமும் எழுதினேன். பக்கத்து நாற்காலியில் தோள் வலிக்காரர் ஒருவர் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனார். அத்தனை அடக்கமான வலியைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்து, வலியின் குணத்தைச் சொல்லும் வார்த்தைகள். குத்தல், குடைச்சல், இழுப்பு, உளைச்சல், எரிச்சல், கடுப்பு, வெட்டு என்று பத்து இருந்தன. பத்தில் ஏழெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "சுள்ளென்று என்பதைக் காணோமே" என்றேன்.

"ஒன்னு ரெண்டு போதும் சார்."

"எல்லாமே இருக்கே மேடம்."

"இருக்கட்டும். இன்னிக்கு எது ஜாஸ்தி?"

இன்று எது அதிகம் என்று யோசித்துப் பார்த்தேன். வார்த்தைகளைப் படித்த சந்தோஷத்தில் அன்று அவ்வளவாக வலிக்கவில்லை. அதைச் சொல்லவில்லை.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லி என் மனைவியை மட்டும் உள்ளே அழைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்தபடி இருந்தேன். வலி என்னுடையது, விசாரணை அவளிடம். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அந்தப் பெண்மணி. பிறகு என் மனைவி, வாய்விட்டு. என் கட்டுரைகளைப் படித்து அவள் அப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை. என்னைப் பற்றி இவ்வளவு சிரிப்பாகப் பேச ஒருத்தியால் முடியும், அதை நான் கேட்க முடியாது என்பது கொஞ்சம் சுருக்கென்றது.

தீர்ப்பு இருவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது.

"சார், நோவு வந்தா வீட்ல என்னென்ன நடக்குதுன்னு அம்மா சொன்னாங்க. ரொம்ப நல்லா பார்த்துக்கிறாங்க. அதுதான் பேஜார். படுக்கைக்கும் முனகலுக்கும் தீனி போட்டா, படுக்கையும் முனகலும்தான் வளரும். நடந்தா தீனி போடணும்."

"யார் போடணும்?" என்றேன்.

"அம்மாதான்." அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "இனிமே வலிக்குதான்னு கேக்காதீங்க. முனகினா கோவப்படவும் வேணாம், பாவப்படவும் வேணாம். கையில இருக்கிற வேலையப் பாருங்க. நடந்துட்டு வந்தா பக்கத்துல உக்காந்து பேசுங்க."

பகலில் படுக்கக் கூடாது என்றார். நடைக்கும் ஒரு சட்டம் போட்டார். இன்ன இடம் வரை என்று ஓர் எல்லை. வலித்தாலும் அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். வலிக்காவிட்டாலும் அதைத் தாண்டக்கூடாது. எங்கே நிறுத்துவது என்பதை இனி வலி தீர்மானிக்கக்கூடாதாம். முதல் எல்லை எங்கள் தெருக்கோடியில் இருந்த அடிபம்பு.

என் மனைவி நல்ல மாணவி. பள்ளியிலும் அப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். மறுநாளே டி.வி. முழுக்குரலில் பாடியது. காலையில் எழுவதற்கு முன் நான் கட்டிலில் திரும்பிப் படுத்து, அளவாக, ஆனால் சமையலறைக்கு எட்டும்படி, "அம்மா" என்றேன். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடர்ந்தது. மாலையில் அடிபம்பு வரை போய்த் திரும்பியதும் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அடிபம்பைப் பற்றி விசாரித்தாள். பம்பில் தண்ணீர் வருகிறதா, யார் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிபம்பைப் பற்றி ஒரு மனிதன் எத்தனை நாள்தான் பேச முடியும். எனக்கு வேண்டியது அந்த ஒரு கேள்வி. அது வரவில்லை.

இந்த நிலையில்தான் மைத்துனன் வந்தான்.

ஆனேக்கலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸில், தன் கடை வாசல் வந்துவிட்டதே என்று நிற்பதற்கு முன்பே இறங்கினான். பஸ் அதற்கு உடன்படவில்லை. எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் ஏற்கெனவே ஒரு கட்டில் தயாராக இருந்தது.

"உங்களுக்குத்தான் பகல்ல படுக்கக் கூடாதே" என்றாள் மனைவி. சட்டப்படி சரி.

ஹாட் வாட்டர் பேக் அவனுக்குப் போயிற்று. உடைந்த எலும்புக்கு அது எதற்கு என்று கேட்டேன். கால் தூக்கியே இருப்பதில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். எந்த இடுப்பு என்று பாருங்கள். மிளகு ரசம், டி.வி. சத்தக் குறைப்பு எல்லாம் அப்படியே மாறுதலாகிப் போயின. என் மனைவியிடம் சில மாதங்களாகச் செலவழிக்க வழியில்லாமல் கரிசனம் தேங்கிக் கிடந்தது. மடை திறந்தது, வயல் வேறு.

பார்க்க ஆட்கள் வந்தார்கள். சாத்துக்குடி, ஆப்பிள், சத்துமாவு டப்பா. இத்தனை வருட வலிக்கு எனக்கு ஓர் எலுமிச்சம்பழம்கூட யாரும் கொண்டுவந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத வலிக்குப் பழம் கிடையாது. அவனிடம் கதையும் இருந்தது. ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல பஸ்ஸின் வேகம் கூடியது. மாடி வீட்டு அம்மாளிடம் சொன்னபோது பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு மாடும் வந்துவிட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஷ்டம்ப்பா" என்றாள். என்னிடம் திரும்பி, "உங்களுக்கு அந்த இடுப்பு இன்னும் இருக்குதா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

இதில் கொடுமை, அவன் முனகவே மாட்டான். யாராவது "வலிக்குதா?" என்றால், "அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்று சிரிப்பான். கேட்டுக் கேட்டுக் கிடைக்காதவன் ஒருவன் அதே அறையில் நாற்காலியில் இருக்க, கேட்காமலே கிடைத்ததை அவன் இப்படி அள்ளி வீசினான். அந்தப் பெண்மணி எனக்கென்று கொடுத்திருந்த கேசட்டையும் போட்டுக் கேட்டான். மெல்ல மூச்சை விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்று அவர் குரலிலேயே வரும். அதைக் கேட்டு எனக்கு ஒருநாளும் எதுவும் தளர்ந்ததில்லை. அவன் பாதியிலேயே குறட்டை விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகள் வந்து மாவுக்கட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பூ வரைந்தார்கள். பஸ் வரைந்தார்கள். "மாமா, நீங்களும் போடுங்க, எழுத்தாளர் கையெழுத்து" என்றான் அவன். வீடு நிறைய ஆட்கள். மறுக்க முடியாமல் பேனாவை வாங்கிக் குனிந்தேன். முதல் எழுத்திலேயே இடுப்பு பிடித்தது. இது அளவான முனகல் இல்லை. "ஐயோ அம்மா" என்று அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது.

அறை முழுக்க மைத்துனன் பக்கம் திரும்பியது.

"பார்த்துப்பா, கட்ட அழுத்திட்டாரா?"

"ரொம்ப வலிக்குதா?"

"எனக்கா? நான் கத்தலையே" என்றான் அவன். யாரும் நம்பவில்லை. மாடி வீட்டு அம்மாள் அவனுக்கு விசிறிவிட்டாள். நான் குனிந்த நிலையிலேயே, மாவுக்கட்டைப் பிடித்தபடி, தலையை மட்டும் தூக்கி என் மனைவியைப் பார்த்தேன். இருபது வருடம் கேட்ட குரல். யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் என்னைப் பார்க்கவில்லை. காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து வேறொன்றும் கண்ணில் பட்டது. நான் நடையிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் அக்காவும் தம்பியும் கட்டிலருகே தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நிற்கும். "என்ன மச்சான், என்ன பேச்சு?" என்றால், "சும்மா மாமா, கடை விஷயம்" என்பான். ஆணியைப் பற்றியும் பெயிண்டைப் பற்றியும் என் மனைவிக்கு ரகசியம் பேச என்ன இருக்கிறது.

அடுத்த முறை உளவியல் பிரிவுக்குத் தனியாகப் போனபோது கேட்டேவிட்டேன்.

"ஒரே வீட்ல ரெண்டு சட்டம் நடக்குது மேடம். அவனுக்கு மட்டும் தீனி."

"அது ஒடைஞ்ச எலும்பு சார். கூடுற வரைக்கும் ரெஸ்ட் வேணும். உங்களுது வேற ஜாதி நோவு. ரெஸ்ட் எடுத்தா வளரும்."

"அவனுது எக்ஸ்ரேல தெரியுது. அதானே?"

அவர் பேனாவை மூடினார். "பொறாமையா இருக்குதா சார்?"

நான் சிரித்தேன். படித்தவன், உலக இலக்கியம் தெரிந்தவன், ஒரு மாவுக்கட்டைப் பார்த்தா என்கிற அர்த்தத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இருந்தா இருக்கட்டும், தப்பில்ல. அம்மா உங்கள கேக்கறதில்லன்னு இருக்குதா?"

"அவளுக்கு அது சுலபமா வந்துடுச்சு மேடம். அதான் ஆச்சரியம்."

"சுலபம்னு யார் சொன்னது?" என்றார். கையோடு என் எல்லையை மாற்றினார். அடிபம்பிலிருந்து ஏற்கெனவே மாவு மில் வரை வந்திருந்தது. அது நிலைக்கட்டும், சில வாரம் கழித்து அதற்கும் அப்பால் மைதானத்து வாசல் வரை போகலாம் என்றார்.

கட்டு பிரித்தார்கள். மைத்துனன் கொஞ்ச நாள் தாங்கித் தாங்கி நடந்து, ஒருநாள் ஆனேக்கலுக்குக் கிளம்பினான். வழியனுப்பும்போது மனைவி கண் கலங்கினாள். எனக்குக் கலங்கவில்லை. முன்னறைக் கட்டிலைப் பிரித்து உள்ளே வைத்தாயிற்று. இனி வீட்டில் நான் ஒருவன்தான் நோயாளி, போட்டியில்லை என்று ஒரு நப்பாசை. பயனில்லை. அவள் பரீட்சை முடிந்தும் படிக்கிற ரகம். காபி வந்தது, மாவு மில் விசாரணை வந்தது. அந்தக் கேள்வி வரவில்லை.

அதற்குப் பதில் போன் வந்தது. நான் நடந்து முடித்து வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், பல நாட்கள், மைத்துனன்.

"மாமா, எப்படி இருக்கு இடுப்பு?"

முதல் நாள் திகைத்துப்போனேன். கூடவே இருந்த காலத்தில் ஒருமுறைகூடக் கேட்காதவன்.

"இருக்கு மச்சான். ஏன்?"

"சும்மாதான். இன்னிக்கு ஜாஸ்தியா? படியேறும்போது பிடிக்குதா? ராத்திரி தூக்கம் வருதா?"

ஹார்டுவேர் கடைக்காரன் கேட்கிற கேள்விகளா இவை. என் கட்டிலையும் ரசத்தையும் தின்று தீர்த்துவிட்டு, இப்போது பரிவு காட்டிப் பெரிய மனுஷனாகப் பார்க்கிறான் என்று எனக்குக் கோபம். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்பதற்கு ஆளில்லாமல் தேங்கிக் கிடந்தது என்னிடமும்தான். சுள்ளென்று என்பது உட்பட எல்லா வார்த்தைகளையும் அவனிடம் உபயோகித்தேன். மனைவி அந்த நேரம் சமையலறையில் சத்தமில்லாமல் ஏதோ செய்துகொண்டிருப்பாள்.

மைதானத்து வாசல் வரை போகும் முதல் நாள் வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. போய்வந்து சொல்லலாம், மாவு மில்லைவிட மைதானத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கும் என்று நினைத்தேன். நான் கிளம்பும்போது அவளும் தயிர் வாங்கக் கூடையோடு கிளம்பினாள். தினமும் அப்படித்தான்.

மாவு மில்லைத் தாண்டினேன். இடுப்பு இழுத்தது. பல மாதங்களில் அந்தப் பக்கமே போனதில்லை. புதிதாக ஒரு பேக்கரி வந்திருந்தது. மைதானத்து வாசலுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். காலடியில் கூடை. கூடை எங்களுடையது.

வீட்டிலேயே போன் இருக்கும்போது காசு கொடுத்து யாரிடம் பேசுகிறாள். பொறாமைக்குப் பழகிய மனம் இந்த இடத்தில் என்னென்ன நினைத்தது என்பதை எழுதப்போவதில்லை. அவள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, எதிரே ஆள் இருப்பதுபோல, இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். கீழ் முதுகு, இடப்பக்கம். உள்ளங்கையை அங்கே பதித்து, தொடை வரை மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

என் வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று நான் அவளிடம் சொல்லி எத்தனையோ மாதமாகியிருந்தது. தொடை வரை என்பதை அவளிடமோ அவள் தம்பியிடமோ சொன்னதேயில்லை. அதை நான் உளவியல் பிரிவில் ஒரு காகிதத்தில் அம்புக்குறியாகப் போட்டதோடு சரி. அந்தக் காகிதத்தை அவள் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மைதானத்து வாசலைத் தொட்டேன் என்பதற்கு அத்தாட்சியாகக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவள் திரும்புவதற்குள் நடந்தேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். கூடையில் தயிர் இருந்தது. பொய் சொல்லத் தெரியாதவள், நிஜமாகவே வாங்கியிருந்தாள். சமையலறைக்குள் போனாள். போன் அடித்தது.

"என்ன மாமா, தொடை வரைக்கும் இழுக்குதா?"

சமையலறையில் சத்தமே இல்லை. பாலைக்கூட அடுப்பில் வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர். அவள் கேள்வி அதைத் தாண்ட ஆனேக்கலுக்குப் போய்த் திரும்பி வருகிறது. நான் வலியைப் பற்றி எப்போதும் பேசுவதைவிடக் குரலைச் சற்று உயர்த்தி, "இழுக்குது மச்சான். ஆனா இன்னிக்கு மைதானத்து கேட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றேன்.

உள்ளே ஒரு கரண்டி கீழே விழுந்தது.

காபி வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைதானத்தைப் பற்றி நிறையப் பேச இருந்தும் அன்று ஒன்றும் விசாரிக்கவில்லை. நானும் கண்டதைச் சொல்லவில்லை. அடுத்த முறை இருவருமாக உளவியல் பிரிவுக்குப் போனபோது அந்தப் பெண்மணி, "சாரை எப்பவாவது வலிக்குதான்னு கேட்டீங்களா?" என்று கேட்டார். "ஒரு தடவைகூடக் கேக்கல மேடம்" என்றாள் என் மனைவி, கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாரான முகத்தோடு. உண்மைதான் என்று நானும் சாட்சி சொன்னேன்.

வலி பிற்பாடு குறைந்தது. முழுதாகப் போகவில்லை. நான் அதன் சொல்கேட்டு நிற்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். மைத்துனன் மேல் இருந்த பொறாமை மட்டும் குறையவில்லை. மாவுக்கட்டு, ரசம், சாத்துக்குடி எல்லாவற்றையும் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் அத்தனை மாதமும் கட்டிலருகிலும் போனிலும், "அவருக்கு ரொம்ப வலிக்குதாடா?" என்று அவள் குரலை இறக்கிக் கேட்டிருப்பாள். கேள்வி என்னுடையது. காதில் வாங்கியவன் அவன்.